கடல் வரைபடத்தில் ஒட்டிய பொட்டுகள்

திருவனந்தபுரத்தில் மன்னி வீட்டுக் கட்டிலில் பெட்டியைத் திறந்தபோதுதான் பச்சை ஸ்டிக்கர்களைக் காணவில்லை என்று தெரிந்தது. பாளையங்கோட்டைக்குப் போன் செய்தேன். என் கணவர் கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒரு படம் அனுப்பினார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். நான் துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் இரண்டரை வயது மகள் அனு ஒன்றுவிடாமல் ஒட்டி முடித்திருக்கிறாள். குற்றவாளி என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மன்னி கொடுத்த நேந்திரங்காய் வறுவலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் காற்றாலைகள் நிறுத்தப்போகிறார்கள். அங்கே உண்டாகும் மின்சாரம் கடலடியில் கேபிள் வழியாகக் கரைக்கு வந்து, ரோட்டுக்கு அடியில் புதைந்து, துணை மின்நிலையத்தில் மற்ற மின்சாரத்தோடு சேரவேண்டும். கேபிள் எந்த வழியாக வரலாம் என்று கேட்க, அது கரையேறும் மீனவ ஊரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு வரைபடம் வரைந்து கொடுப்பவள். கூட்டத்துக்குப் போகவேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டதால் என்னை அனுப்பினார்கள். ஊர் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

மன்னி, அதாவது என் கணவரின் அண்ணி, கரமனை அக்ரஹாரத்தில் இருக்கிறாள். பகலில் அனுவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வந்தேன். வந்த முதல் பத்து நிமிடத்திலேயே அவள் அனுவுக்கு ரோஜா நிறத்தில் ஒரு வெந்நீரைக் கொடுக்க, நான் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினேன்.

"என்னடி, விஷமா கொடுக்கறேன்? பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சின தண்ணி. இங்க எல்லாரும் இதான் குடிக்கறது, கேட்டியா?"

குழாயில் துரு கலந்துவிட்டது என்று நினைத்ததை நான் சொல்லவில்லை. ஆனால் மன்னிக்குப் புரிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில், சிவப்பரிசிச் சாதத்தின் மேல் எரிசேரியை ஊற்றியபடி, "இது துரு இல்லை, பூசணிக்காய்" என்றாள்.

"அது சரி, கடல்ல எந்துக்கு காத்தாடி? உங்க பக்கம் ஆரல்வாய்மொழியில மலைமலையா நிக்கறதே, போறாதா?"

"கடல்ல காத்து இன்னும் ஜாஸ்தி, மன்னி."

"காத்து ஜாஸ்தி, ஆனா மீன்காரா சும்மா இருப்பாளோ? நீ ஒரு மீனைக் கையால தொட்டிருக்கியோ?"

தொட்டதில்லை. மீன்களின் பெயர்கூட நாலைந்துக்கு மேல் எனக்குத் தெரியாது. என்னைப் போய் இதற்கு அனுப்பினார்களே என்ற கலக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

ஸ்டிக்கர் இல்லாமல் கூட்டம் நடக்காது. மீனவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் இடத்தில் ஒரு புள்ளி ஒட்டவேண்டும், புள்ளிகள் இல்லாத வழியாகக் கேபிள் போகும் என்பதுதான் ஏற்பாடு. மறுநாள் காலையில் ஆரியசாலைக்கு ஓடினேன். மொத்த வியாபாரக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பச்சை வட்ட ஸ்டிக்கர் எங்குமே இல்லை. வளையல் கடை வைத்திருந்த ஒரு நாகர்கோவில்காரர் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பச்சை ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்துப்போட்டார்.

"கல்யாணமா, மக்களே?"

"மின்சாரம் அண்ணாச்சி" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். ஊர்ப்பெயர்ப் பலகைகள் மலையாளத்தில் இருந்தன. எனக்குப் படிக்கத் தெரியாது. எண்ணை மட்டும் சரிபார்த்தேன். எண் சரி, திசை தவறு. கண்டக்டர் அதைக் கண்டுபிடித்தபோது பஸ் கடலுக்கு முதுகைக் காட்டி வெகுதூரம் போயிருந்தது. "சேச்சி, இவிடே இறங்கிக்கோ" என்று ஒரு முக்கில் விட்டார். கையில் என் உயரத்துக்குச் சுருட்டிய வரைபடக் குழாய். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அனு எழுந்து என்னைத் தேடியிருப்பாளா என்ற நினைப்பு வேறு.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு பெண். மடியில் காலி அலுமினியச் சருவம்.

"எங்கோட்டு மோளே?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன். "கேறு" என்று சருவத்தைத் தூக்கி இடம் கொடுத்தார். குழாயின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை அவர் தோளில். பெயர் பிலோமினா. அம்மா வீடு குமரிப் பக்கம் என்பதால் தமிழ் நன்றாகவே வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"பட்டரு வீட்டுப் பிள்ளையா நீ, மீனு வாடை ஆகாதா? மூச்சு விட்டுக்கோ. செத்துப் போனா குத்தம் என் தலையில வரும்."

அன்று முழுவதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கூட்டம் மாதா கோயிலை ஒட்டிய அரங்கில். மின்விசிறிகளின் சத்தம், பருப்பு வடை, கண்ணாடி டம்ளரில் சாயா. ஐம்பது அறுபது ஆண்கள். பெண்கள் பின்வரிசையிலும் வாசலிலும். நடத்தியவர் திட்டப் பொறியாளர் மோகன் சார். திருவனந்தபுரத்துத் தமிழர். கேபிள் என்ன, எவ்வளவு ஆழத்தில் புதைப்பார்கள், அதன் மேல் நங்கூரம் போடுவதும் வலை இழுப்பதும் ஏன் கூடாது என்பதையெல்லாம் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். ஒருவர் எழுந்து காற்றாடிகளைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வேற மீட்டிங். இன்னிக்குக் கேபிள் மட்டும்" என்றார். அரங்கில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

பிறகு என் முறை. கடலின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, பொட்டு அட்டைகளை மேஜைமேல் வைத்தேன். பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. "கடலுக்குப் பொட்டு வெச்சுக் கெட்டிக்கொடுக்கப் போறாங்க, எடி!" என்று ஒரு குரல். நான் சிவந்துபோனேன். ஆனால் ஆண்கள் எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, பொட்டை விரல்நுனியில் எடுத்து, வரைபடத்தைச் சற்றுநேரம் பார்த்து, திரும்பி அரங்கை ஒரு பார்வை பார்த்து, பிறகு ஒட்டினார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தலை நான் கூச்சம் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் கூட்டங்களில் மைக் பிடிக்கவே ஆள் வராது. இங்கே இப்படி ஒத்துழைக்கிறார்களே என்று மனம் பூரித்தது. படமெடுத்து என் கணவருக்குக்கூட அனுப்பினேன்.

எல்லோரும் ஒட்டி முடித்ததும் வரைபடம் அழகாக இருந்தது. தெற்கில் ஒரு கூட்டம், வடக்கே கொஞ்சம் பொட்டுகள், நடுவில் கரையிலிருந்து ஆழ்கடல்வரை ஒரு பொட்டுகூட இல்லாத வெற்றுப் பட்டை. மோகன் சாரின் முகம் மலர்ந்தது. சிவப்புப் பேனாவால் அந்தப் பட்டையின் நடுவே நேராக ஒரு கோடு போட்டார்.

"இதைவிட நல்ல வழி கிடைக்காது. யாருக்கும் நஷ்டமில்லை. சம்மதமா?"

அரங்கு அப்படியே அடங்கியது. கொஞ்சநேரம் முன்புவரை பேசி, இருமி, வடை தின்றுகொண்டிருந்த அத்தனை ஆண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். சிலர் தங்கள் கால் கட்டைவிரலை. முன்வரிசையில் கட்டம்போட்ட சட்டை அணிந்த ஒருவர் பாதி எழுந்தார், பக்கத்து ஆளைப் பார்த்தார், உட்கார்ந்தார். நடவடிக்கைக் குறிப்பு உரக்க வாசிக்கப்பட்டது. மறுப்பு இருந்தால் சொல்லலாம் என்று மூன்று முறை கேட்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது பிலோமினா சேச்சி வந்தார். ஆட்டோவில் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. "வா, ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். அவர் வீடு கடலை ஒட்டிய மூன்றாவது வீடு. உள்ளே கட்டம்போட்ட சட்டைக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சேச்சியின் கணவர் ஸ்டெல்லஸ். என்னைக் கண்டதும் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

"நான் பறயறதைக் கேளு, மோளே. அந்தப் பொட்டு மொத்தமும் கள்ளம்."

எனக்குப் புரியவில்லை.

"கடலுக்கடியில பாறைத்திட்டு இருக்கும். நாங்க பாருன்னு சொல்லுவோம். மீனு அங்கதான் கிடக்கும். அவனவன் பாரு எங்க இருக்குன்னு அவனவனுக்குத்தான் அறியும். கரையில மலை, மாதாகோயில் கோபுரம் எல்லாத்தையும் நேர்நேரா வெச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சது. இப்போ ஜிபிஎஸ்ஸும் உண்டு. அடுத்த வள்ளம் பக்கத்துல வந்தா மெஷின் மேல தோர்த்தைப் போட்டு மூடிருவான். என் கெட்டியோன் அவன் பாருக்கு மெஷின்ல என்ன பேரு போட்டிருக்கான், அறியுமா? ஆசுபத்திரி. கள்ளனும் ஆசுபத்திரிக்குப் போகமாட்டானாம்."

"உங்களுக்குத் தெரியுமா, அந்த இடம்?"

"முப்பது வருஷமா ஒரே பாயில கிடக்கறோம். எனக்கே பறஞ்சதில்ல. நீ என்னடான்னா, ஊரு மொத்தத்தையும் உக்காரவெச்சு, எல்லாருக்கும் காணும்படி பொட்டு வைக்கச் சொன்னா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்த்தவர்கள் கூச்சத்தால் பார்க்கவில்லை. யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். பிறகு தங்கள் பாரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி ஒட்டமுடியுமோ அவ்வளவு தள்ளி ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் எதிலிருந்து தள்ளிப்போனார்களோ, அதுதான் நான் பூரித்துப்போய்ப் பார்த்த வெற்றுப் பட்டை. அதன் வழியாகத்தான் சிவப்புக் கோடு போகிறது.

"அப்ப ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்கலை, சேச்சி?"

"'அவிடே வேண்டாம்'னு எவன் முதல்ல எழுந்து நிக்கிறானோ, அவன் பாரு அவிடேன்னு எல்லாருக்கும் அறிஞ்சுபோகுமே! பாதி எழுந்தானே ஒருத்தன், கண்டியா? அதுக்கே இன்னைக்குச் சாயங்காலம் நாலு பேரு கடல்ல தேடுவாங்க." சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாரு போனா எங்களுக்கு அடுப்பு இல்ல."

வெளியே வந்து மோகன் சாருக்குப் போன் செய்தேன். முழுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோட்டை மறுபடி பார்க்கமுடியுமா என்று மட்டும் கேட்டேன். "மேடம், கையெழுத்து ஆயாச்சு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேப் மேலாபீசுக்குப் போகுது" என்றார்.

கரமனைக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அனு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்; நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் பச்சைப் பொட்டு. மன்னி தன்னுடைய பொட்டு அட்டை ஒன்றை விளையாடக் கொடுத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் குழப்பத்தைக் கேளுங்கள். உண்மையை எழுதினால் பாருகள் வரைபடத்தில் ஏறும். அந்த வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கும் ஆவணம். வெளியூர் விசைப்படகுகள் நாளைக்கே வந்து நிற்கும். எழுதாவிட்டால் கேபிள் பாருகளின் மேல் வரும். இரண்டிலும் சேச்சி வீட்டு அடுப்பு அணையும். கேட்ட கேள்விதான் தப்போ? "உன் இடம் எங்கே" என்று கேட்டால் பொய் சொல்வார்கள். "கோட்டை எங்கே நகர்த்தினால் உனக்குப் போதும்" என்று தனியாகக் கேட்டால்? சேச்சிக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். "நான் பெண்ணுங்ககிட்ட பறயறேன்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் மூல வரைபடத்தைச் சிறிய அளவில் அச்செடுத்து, ஒரு கட்டுத் தாளோடு போனேன். கேபிள் கோடு மட்டும் அச்சாகியிருந்தது, பொட்டுகள் இல்லை. இந்தத் தடவை பஸ்ஸில் ஏறுமுன் மூன்று பேரிடம் திசை கேட்டேன். மூன்றாமவர் சிரித்துவிட்டார்.

அரங்கின் பின்னால் பாத்திரங்கள் வைக்கும் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்தேன். வாசலில் பிலோமினா சேச்சி காவல். தாள்களை மடித்துப் போட அவருடைய சருவம். ஒருவர் வந்து போனபிறகுதான் அடுத்தவர். பெண்கள் எப்படி அனுப்பிவைத்தார்களோ, இருபது பேருக்கு மேல் வந்தார்கள். "வரஞ்சிட்டு வா, இல்லாட்டி சோறு இல்லன்னுட்டா" என்று ஒருவர் முணுமுணுத்தபடியே பென்சிலை எடுத்தார். பெயர் எழுதவேண்டாம் என்றேன். கோட்டை எவ்வளவு நகர்த்தவேண்டுமோ அவ்வளவு நகர்த்தி வரைந்து, மடித்துப் போடவேண்டும். அவர்கள் வரையும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கடைசியாக ஸ்டெல்லஸ் வந்தார். பென்சிலைத் தொடவில்லை.

"இதையெல்லாம் யாரு காணும்?"

"நான் மட்டும்."

"நீ மீனு தின்னுமா?"

"இல்லை."

"வீட்டுல?"

"யாருமே இல்லை."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "அப்போ பயமில்ல, பேடிக்க வேண்டாம்" என்று உட்கார்ந்தார். மற்றவர்களைவிட அதிகநேரம் எடுத்துக்கொண்டார். எழும்போது, "எனக்கு மட்டும் வளைச்சா, மத்தவன் வயித்து மேல போகும். அதான் நான் பொழிக்கு அப்புறமா தள்ளி வரஞ்சிருக்கேன். அவிடே வெறும் மணலு" என்றார். பொழி என்பது ஆறு கடலில் கலக்கும் வாய்.

எல்லோரும் போனபின் கதவைச் சாத்திவிட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அவரவர் கோடு அவரவர் பாரிடம் வந்து, அதைச் சுற்றி வளைந்து, பழைய வழிக்குத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு வளைவும் ஒரு பாரு. யார் முன்னாலும் சொல்லாதது, கட்டிய மனைவியிடம் சொல்லாதது, மொத்தமாக என் கண்முன்னால் ஜன்னலில். வெற்றுப் பட்டையில் கேபிள் நுழைய இடமே இல்லை. பொழிக்கு வடக்கே மட்டும் ஒரு வளைவும் இல்லை. இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன். சட்டென்று தாள்களைப் பிடுங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டேன்.

நகரத்தில் மோகன் சாரின் அலுவலகத்துக்கு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பொழிக்கு வடக்கே ஒரு புதுக் கோடு வரைந்து நீட்டினேன்.

"இது சுத்து வழி மேடம். நடுவுல காலியா இருக்கே. அங்க என்ன இருக்கு?"

"காலி இல்லை, சார்."

"அதான், என்ன இருக்கு? காரணம் எழுதாம கோடு நகராது."

"காரணத்தை எழுதினா அது மேப்புல வரும், சார்."

அவர் என்னையும் என் கைப்பையையும் பார்த்தார். மீன் வாடை அவருக்கும் அடித்திருக்கவேண்டும். நாற்காலியில் சாய்ந்து, "எனக்கு எதுவும் காட்டவேண்டாம்" என்றார். "ஆனா ஃபைலுக்கு ஏதாவது வேணும். நேத்தைய மேப் தப்புன்னு யாராவது கையெழுத்துப் போட்டா, அதை வாபஸ் வாங்கிட்டு முதல்ல சர்வேன்னு நான் எழுதலாம். யார் தப்பு?"

எனக்கு அலுவலகத்தில் ஒரு நாள் லீவு கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வரைந்த படத்தை அனுப்பிவிட்டு மூன்று தடவை திறந்து பார்ப்பவள். பேனாவை வாங்கி எழுதினேன்: கேட்ட முறை பிழை. புள்ளியில்லாத இடம் வெற்றிடம் என்று காட்டியது பிழை. வரைபடம் தயாரித்தவர் பொறுப்பு. கீழே என் பெயர். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது எழுதி முடித்தபிறகுதான் உறைத்தது.

"உங்க ஆபீஸ்ல கேப்பாங்களே, மேடம்."

"கேக்கட்டும் சார்" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மன்னி வீட்டுக் குளியலறையில் தாள்களை எல்லாம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்தேன். மன்னி எட்டிப்பார்த்தாள். "என்னடி இது, அடைக்கு அரைச்சிருக்கியா?" என்றாள். அனுவும் வந்து இரண்டு கையையும் முழங்கைவரை விட்டுப் பிசைந்தாள். கூழானதைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டுத்தான் ஊருக்குப் பெட்டி கட்டினேன்.

நிறுவனம் என்னைத் திட்டவில்லை. அடுத்த வேலை வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை.

போன வாரம் பிலோமினா சேச்சி பேசினார். பொழிக்கு வடக்கே சர்வே படகு ஒன்று வந்து நிற்கிறதாம். "நடுவுல வரல்ல, மோளே. மாதா காத்தா." பிறகு குரல் தணிந்தது. "அவரு கேக்கச் சொன்னாரு. அவங்க வரஞ்ச கடலாசு எல்லாம் எங்க?"

"கரைச்சுக் கொட்டிட்டேன், சேச்சி."

"நல்லது. உனக்கு ஓர்மை ஒண்ணும் இல்லல்ல, மறந்துட்டல்ல?"

"இல்லை, சேச்சி" என்றேன்.

போனை வைத்தேன். படம் வரைவது என் தொழில். இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். கண்ணை மூடினால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. ஸ்டெல்லஸின் ஆசுபத்திரி எந்த இடமாக இருக்கும் என்றுகூட ஊகிக்கமுடிகிறது. அந்தக் கரையில் ஒருவருக்கும் மற்றவருடைய பாரு தெரியாது. எல்லாருடையதும் தெரிந்த ஒரே ஆள், மீனைத் தொட்டே பார்த்திராத நான்.